குத்தகைக்குப் போன மான் காடு

எங்கள் ஊரில் ராய்ஸ் டிம்மன்ஸ் பேரை எடுத்தால் பத்தில் எட்டுப் பேர் முதலில் திட்டிவிட்டுத்தான் அடுத்த வார்த்தை பேசுவார்கள். சுற்றுவட்டார மான் காடுகளையெல்லாம் வெளியூர்ப் பணக்காரனுக்கு அள்ளிக் கொடுத்தவன் அவன்தான் என்பார்கள். அள்ளிக் கொடுக்க அவனிடம் ஒரு முழம் நிலம்கூடக் கிடையாது. வாடகை வீடு, தானியக் கிடங்கில் வேலை, கதவு சரியாகச் சாத்தாத ஒரு பிக்கப் வண்டி. அவன் செய்ததெல்லாம் ஒரு போட்டோவுக்கு நின்றதுதான்.

எனக்கு அவனை ஒன்றாம் வகுப்பிலிருந்து தெரியும். நான் நெல்டா. அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தின் மேற்கு ஓரத்தில், மிசிசிப்பி ஆற்றுக்கு இந்தப் பக்கத்து மேடுகளில், இறைச்சி வெட்டித் தரும் கடை வைத்திருக்கிறேன். வருடம் முழுக்க மாடும் பன்றியும். நவம்பர் வந்தால் மான். ஊரார் சுடுகிற மானை உரித்து, துண்டு போட்டு, காகிதத்தில் சுற்றிக் கொடுப்பேன். யார் எந்தக் காட்டில் சுட்டான், யார் யாரிடம் பொய் சொன்னான் என்பதெல்லாம் தானாக என் காதுக்கு வந்து சேரும்.

ராய்ஸ் வேட்டையாடியது எமெட் ஸ்ட்ரங்கின் நிலத்தில். முந்நூற்று இருபது ஏக்கர். மேட்டில் மக்காச்சோளம், சரிவில் மாடு மேயும் புல், நடுவே ஓடைப் பள்ளமும் ஓக் மரக் காடும். எமெட்டுக்கும் ராய்ஸுக்கும் இருபது வயது வித்தியாசம், சொந்தமும் கிடையாது. ஆனாலும் எமெட்டின் வேலியைக் கட்டுவது ராய்ஸ், கோடையில் புல் அறுத்து உருட்டிக் கட்டுவது ராய்ஸ், எமெட்டின் மனைவி படுத்த படுக்கையாக இருந்தபோது வாரம் இரண்டு முறை ஆஸ்பத்திரிக்கு வண்டி ஓட்டியதும் ராய்ஸ். இதற்கெல்லாம் கூலி என்று யாரும் பேசியதில்லை. நவம்பரில் அவன் அந்தக் காட்டுக்குள் போய் உட்காருவான், ஒரு மான் சுடுவான், குளிர்காலம் முழுக்கச் சாப்பிடுவான். ஆண்டுக்கு ஏழு நாள்தான் வேட்டை, நவம்பர் கடைசியிலும் டிசம்பர் தொடக்கத்திலுமாக. மிச்ச நாட்கள் அவனுக்கு அந்த ஏழுக்காகத்தான் ஓடின. கல்யாணம், குழந்தை குட்டி இல்லாதவன். அந்தக் காடு போனால் அவனுக்குச் சொல்லிக்கொள்ள வேறொன்றும் இல்லை.

இத்தனை செய்தும் அவன் ஒவ்வொரு வருடமும் அனுமதி கேட்பான். செப்டம்பர் முதல் ஞாயிறு, சர்ச் முடிந்ததும், போன வருட மானில் நான் செய்து கொடுத்த சாசேஜ் இரண்டை எடுத்துக்கொண்டு எமெட் வீட்டுச் சமையலறை வாசலில் போய்த் தொப்பியைக் கழற்றி நிற்பான்.

“இந்த வருஷமும் மானுக்கு வரலாங்களா?”

“போன வருஷம் என்னடா சொன்னேன்?”

“வாடான்னீங்க.”

“பின்ன என்ன எழவுக்கு வந்து நிக்கற? உள்ள வந்து காபியக் குடி. சாசேஜ் இந்தத் தடவையாவது ஒறப்பா இருக்கா, இல்ல அந்த நெல்டா மறுபடி கஞ்சத்தனம் பண்ணிட்டாளா?”

இருபத்திரண்டு வருடம் இதே கேள்வி, இதே வசவு. நான்கூட அவனைக் கேலி செய்திருக்கிறேன். “அவரு உன்னை வேணாம்னு சொல்லப்போறாராக்கும்? எதுக்குடா இந்தக் கூத்து?” என்றால், “நிலம் அவரோடது நெல்டா. கேக்கறதுல நான் என்ன தேஞ்சா போயிடுவேன்?” என்பான். நாங்களெல்லாம் அப்படித்தான் வளர்ந்தவர்கள் என்றாலும், ஒரு முறை தலையாட்டல் கிடைத்தால் பத்து வருடத்துக்குப் போதும் என்று விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். ராய்ஸ் விடமாட்டான்.

தொண்ணூற்றாறு நவம்பரில் அவன் அந்தப் பெரிய மானைச் சுட்டான். பதினான்கு கிளைக் கொம்பு. ஒவ்வொன்றும் என் முழங்கையளவு. சுட்ட மானைப் பதிவு செய்கிற நிலையத்தில் வண்டியின் பின்கதவை இறக்கியதும், வரிசையில் நின்றவர்கள் தங்கள் மானை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தார்கள். கொம்பை அளந்தவன் இரண்டாம் முறை அளந்தான்.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. பெரிய மான் சுட்டவன் இடத்தைச் சொல்லமாட்டான். “எங்க சுட்ட?” என்று கேட்டால், “முன்னங்காலுக்குப் பின்னாடி” என்பான், கேட்டவனும் சிரித்துக்கொண்டு போய்விடுவான். இடத்தைச் சொன்னால் அடுத்த வருடம் அங்கே பத்து வண்டி நிற்கும். இது குழந்தைக்கும் தெரியும். ராய்ஸுக்கும் தெரியும்.

ஆனால் மூன்றாம் நாள் வேட்டைப் பத்திரிகையிலிருந்து ஒருவன் காமிராவோடு வந்தபோது ராய்ஸ் என்ன செய்தான் தெரியுமா? “எமெட் இல்லாம இந்த மான் இல்ல. அவரு நிலம், அவரு சோளம் தின்னு வளந்தது. அவரும் போட்டோல நிக்கணும்” என்று சொல்லி, மானை வண்டியில் ஏற்றி எமெட் வீட்டுக்கே கொண்டுபோனான். கொட்டகைக்கு முன்னால் வைத்து, எமெட்டை ஒரு பக்கம் நிறுத்தி, தான் ஒரு பக்கம் நின்றான். கொட்டகைச் சுவரில் ஓராள் உயரத்துக்கு வெள்ளை எழுத்தில் ஸ்ட்ரங்க் பண்ணை என்று எழுதியிருந்தது. போட்டோவில் அது கொம்பைவிடத் தெளிவாக விழுந்தது.

“அறிவிருக்காடா உனக்கு?” என்றேன், பத்திரிகை வந்த அன்றே.

“நன்றி சொல்ல வேணாமா நெல்டா?”

“காபி குடிக்கறப்ப சொல்ல வேண்டியதுதான? இப்படியா ஊரக் கூட்டி, பேர எழுதி ஒட்டுவ?”

அவன் சிரித்தான். அந்த வாரம் முழுக்க அவன் முகம் கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருந்தது. எனக்கும் அதற்குமேல் திட்ட மனம் வரவில்லை. போட்டோவைச் சட்டம் போட்டுக் கடையில் மாட்டியதும் நான்தான்.

அடுத்த கோடைக்குள் கார்கள் வர ஆரம்பித்தன. ஜார்ஜியா, பென்சில்வேனியா, எங்கெங்கேயோ பதிவான கார்கள். பெட்ரோல் பங்கில் இறங்கி, “ஸ்ட்ரங்க் பண்ணை எங்கே?” என்று கேட்டார்கள். அவர்களுக்குப் பின்னால் வாஸ் வந்தான். வேட்டை ஏஜெண்ட். நிலத்தை வருடக் குத்தகைக்கு எடுத்து, மரத்துக்கு மரம் பரண் கட்டி, வெளியூர்க்காரனை நான்கு நாளைக்கு உட்காரவைத்துக் காசு பார்க்கிறவன். வாயில் வெண்ணெய் உருகும்படி பேசுவான். முதல் வருடம் எமெட் அவனை வாசலோடு அனுப்பிவிட்டார். இரண்டாம் வருடம் நாயை அவிழ்த்துவிடுவேன் என்றார். ஆனால் சுற்றியிருந்தவர்கள் அனுப்பவில்லை. சோளம் விலை விழுந்துகிடந்த காலம். சும்மா கிடக்கிற ஓடைப் பள்ளத்துக்கு ஏக்கருக்கு இவ்வளவு என்று ஒருவன் பணத்தை நீட்டினால் யார் வேண்டாம் என்பான்? ஒருவர் பின் ஒருவராகக் கையெழுத்துப் போட்டார்கள். அப்பா காலத்திலிருந்து வேட்டையாடிய இடத்தில் மஞ்சள் பலகை தொங்கியது: அத்துமீறி நுழையாதே.

இடம் இழந்தவர்கள் வாஸைத் திட்டவில்லை. அவன் ஊர் ஓட்டலில் எல்லோருக்கும் பியர் வாங்கிக் கொடுப்பான். அங்கே காலையில் சாப்பிட வருகிற ராய்ஸைப் பிடித்துக்கொண்டார்கள்.

“வாங்க போட்டோ ராஜா! இன்னிக்கு எந்தக் காட்டுக்கு வெல ஏத்தப் போறீங்க?”

“டேய், அவன்கிட்ட வாயக் குடுக்காத. திரும்பி உன் வீட்டு முன்னாடி நின்னு பல்லக் காட்டினான்னா, நாளைக்கு உன் வீடும் குத்தகைக்குப் போயிடும்.”

ராய்ஸ் முட்டையைத் தின்றுவிட்டு எழுந்து போவான். அவனுக்கு இன்னும் எமெட் இருந்தார். அந்தத் தைரியம்.

தொண்ணூற்றெட்டு டிசம்பரில் எமெட் பனியில் வழுக்கி இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரி, அறுவை, அப்புறம் நடைவண்டி. வசந்தம் முழுக்க மாடுகளை ராய்ஸ்தான் பார்த்தான். ஒரே மகள் கார்லீன் சிகாகோவிலிருந்து வந்து இரண்டு வாரம் இருப்பாள், போவாள், மறுபடி வருவாள். அவளைக் கெட்டவள் என்று சொல்லமாட்டேன். சொல்ல ஆசைதான். தனியாக விட முடியாத அப்பா, டவுனில் முதியோர் இல்லம் கேட்கிற தொகை, அவளுடைய சம்பளம் – கூட்டிப் பார்த்தால் அவளுக்கு வேறு வழி இல்லைதான்.

செப்டம்பர் முதல் ஞாயிறு ராய்ஸ் சாசேஜோடு போனான். சமையலறையில் எமெட் உட்கார்ந்திருந்தார், மேஜைமேல் காகிதங்கள், எதிரே கார்லீன். ராய்ஸ் தொப்பியைக் கழற்றினான்.

“இந்த வருஷமும்...”

“கேக்காதடா” என்றார் எமெட். “இந்த வருஷம் கேக்காத.”

கார்லீன்தான் விளக்கினாள். நிலமும் வாஸுக்குக் குத்தகை, வீடும் வாஸுக்கு. வேட்டைக்கு வருகிறவர்கள் தங்க வேண்டுமாம். அப்பா அடுத்த வாரம் டவுன் இல்லத்துக்குப் போகிறார். மாடுகளை மட்டும் எமெட் விற்க விடவில்லை, அழுதிருக்கிறார். குத்தகைப் பத்திரத்தில், வேட்டை நாட்களில் காலை பத்திலிருந்து மதியம் இரண்டுவரை மாட்டுக்குத் தீனி போட ஓராள் உள்ளே வரலாம் என்று ஒரு வரி சேர்த்திருந்தார்கள். மற்ற நேரத்தில் வாஸின் ஆட்களைத் தவிர யாரும் காலடி வைக்கக்கூடாது. மீறினால் குத்தகை ரத்து.

“மாட்டுக்கு...” என்று ஆரம்பித்தார் எமெட்.

“நான் பாத்துக்கறேங்க” என்றான் ராய்ஸ். சாசேஜை மேஜையில் வைத்துவிட்டு வந்தான். காபி குடிக்கச் சொல்லி யாரும் அழைக்கவில்லை.

என் கடையில் வந்து இதைச் சொன்னபோது எனக்குக் கத்தியைக் கீழே வைக்கத் தோன்றவில்லை, அவ்வளவு கோபம். “மாட்டுக்கு மட்டும் நீ, மானுக்கு எவனோவா? போகாதடா. அவங்களே வந்து தீனி போடட்டும்.”

“மாடு என்ன பாவம் பண்ணிச்சு?” என்றான்.

அந்த நவம்பரில் அவன் ஆற்றோரத்து அரசாங்கக் காட்டுக்குப் போனான். இடம் இழந்தவர்கள் அத்தனை பேரும் அங்கேதான். மரத்துக்கு ஒரு வேட்டைக்காரன், ஆரஞ்சு சட்டையில். முதல் நாளே அவன் தலைக்கு மேலே ஒரு குண்டு போய் மரத்தில் இறங்கியது. துப்பாக்கியை உறையில் போட்டுக்கொண்டு திரும்பிவிட்டான். நேரே போய் எமெட்டின் மாடுகளுக்குப் பத்து மணிக்குத் தீனி போட்டான்.

வாஸின் வாடிக்கையாளர்கள் தங்கள் மான்களை என்னிடம்தான் கொண்டுவந்தார்கள். “தலைய மட்டும் வெட்டிக் குடும்மா. மீதிய என்ன வேணா செஞ்சுக்கோ.” நானும் வெட்டிக் கொடுத்தேன், காசும் வாங்கினேன். மற்றவர்களைத் திட்டுகிற வாயால் இதையும் சொல்லிவிட வேண்டும்.

இரண்டாம் வேட்டை வாரத்தில், டிசம்பர் முதல் வெள்ளிக்கிழமை விடிகாலை, எமெட்டின் மாடுகள் தார் ரோட்டில் நிற்பதாக ராய்ஸுக்குப் போன் வந்தது. வாஸின் ஆள் எவனோ கேட்டைச் சாத்தாமல் போயிருக்கிறான். பள்ளிக்கூடப் பஸ் வருகிற நேரம். ராய்ஸ் பத்து மணிவரை காத்திருக்கவில்லை. தீனி வாளியைத் தட்டிக்கொண்டு, “வா வா வா” என்று கூவிக்கொண்டு, இருபத்திரண்டு மாட்டையும் ரோட்டிலிருந்து ஓட்டி ஓடைப் பள்ளம் வழியாகவே உள்ளே கொண்டுபோனான். வேறு வழி சுற்று. பள்ளத்தில், ராய்ஸ் வழக்கமாக உட்காருகிற அதே ஓக் மரத்தில், இப்போது பரண் கட்டி உட்கார்ந்திருந்தான் ஒரு ஜார்ஜியாக்காரன்.

மேலேயிருந்து கத்தினான். மான் எல்லாம் ஓடிப்போச்சு, நான் கொடுத்த பணம் என்ன ஆவது என்றான். ராய்ஸ் மாடுகளை உள்ளே விட்டு, கேட்டைக் கட்டிவிட்டுத் திரும்புவதற்குள் வாஸ் நின்றான், கூடவே வேட்டைக் காவல் அதிகாரி டென்னி. டென்னி எங்கள் ஊர்ப் பையன்தான். அவனுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

“ராய்ஸ், உள்ள வா. போன் போட்டுக் கேட்டுருவோம். எமெட் ஆமான்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், நான் போயிடறேன்.”

உள்ளே என்றால் எமெட்டின் சமையலறை. நான்கு வெளியூர்க்காரர்கள் பன்றிக்கறியும் முட்டையும் தின்றுகொண்டிருந்தார்கள். யாரும் ராய்ஸை உட்காரச் சொல்லவில்லை. டென்னி சுவரிலிருந்த போனை எடுத்து இல்லத்துக்குப் பேசினான். எமெட் வர நேரமானது.

“எமெட், டென்னி பேசறேன். இன்னிக்குக் காலையில ராய்ஸ் நிலத்துக்குள்ள வந்தான். நீங்க வரச் சொன்னீங்களா?”

வாஸ் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தான். ஆமாம் என்று எமெட் சொன்னால் பத்திரத்தை மீறியது எமெட். குத்தகை போகும், இல்லத்துப் பணம் போகும். இது அந்த அறையில் நின்ற எல்லோருக்கும் தெரியும்.

டென்னி பதிலைக் கேட்டுக்கொண்டான். பிறகு போனை மாட்டினான்.

“இல்லைங்கறாரு. யாருக்கும் அனுமதி குடுக்கலைங்கறாரு.”

“அவரு சொல்றது சரிதான்” என்றான் ராய்ஸ். “இந்த வருஷம் நான் கேக்கல.”

டென்னி அபராதச் சீட்டு எழுதினான். தெரிந்த பேரையே தப்பாக எழுதி, இன்னொரு சீட்டு கிழித்தான் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். ராய்ஸ் அன்று பத்து மணிக்கு மறுபடி போய்த் தீனி போட்டானாம். அதற்கப்புறமும் போட்டான், ஒரு நாள் தவறாமல். ஆனால் வீட்டுப் போனை மட்டும் பிடுங்கிவைத்துவிட்டான்.

எனக்கு ஆறவில்லை. கடையில் வந்த எல்லோரிடமும் சொன்னேன். இருபத்திரண்டு வருடம் அவருக்கு மாடாய் உழைத்தவனை, ஒரு வார்த்தையில் திருடனாக்கிவிட்டார் அந்தக் கிழவர். பணத்துக்காக. எனக்கு நியாயம் வேண்டாம், விளக்கம் வேண்டாம். நான் அப்படித்தான். கோபம் வந்தால் எனக்குக் கண் தெரியாது.

ஜனவரி கடைசியில் ஒரு மத்தியானம் கடைப் போன் அடித்தது. எமெட்.

“நெல்டாவா? ராய்ஸ் வீட்டுல போன எடுக்கவே மாட்டேங்கறான். உன் கடைக்கு வருவானே, அங்க இருக்கானா?”

குரல் காற்று போன மாதிரி இருந்தது. ராய்ஸ் அப்போது கொல்லையில் எனக்கு விறகு இறக்கிக்கொண்டிருந்தான். ஜன்னல் வழியாக அவன் முதுகு எனக்குத் தெரிந்தது. கூப்பிட்டால் பத்து அடியில் வந்திருப்பான்.

“ராய்ஸா? அப்படி யாரையும் எனக்குத் தெரியாதே” என்றேன். “உங்களுக்குத் தெரியுமா?”

“நெல்டா, அவன்கிட்ட ஒண்ணு சொல்லணும்...” என்றார். நான் போனை வைத்துவிட்டேன். வைத்த கையோடு எனக்கு எவ்வளவு திருப்தியாக இருந்தது என்பதை இப்போது நினைத்தாலும் கூசுகிறது. ராய்ஸிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு வாரம் ஆகட்டும், கிழவர் கொஞ்சம் வேகட்டும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

ஒன்பதாம் நாள் எமெட் தூக்கத்திலேயே போய்விட்டார்.

சவப்பெட்டி சுமக்க ஆறு பேரில் ஒருவனாகக் கார்லீன் ராய்ஸைக் கேட்டாள். சுமந்தான். அடக்கம் முடிந்து சர்ச் கூடத்தில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கார்லீன் எங்களிடம் வந்தாள்.

“அப்பா கடைசி வாரமெல்லாம் உங்களையே கேட்டுக்கிட்டு இருந்தார், ராய்ஸ். நெல்டா கடைக்கும் போன் போட்டுப் பேசினேன்னு சொன்னாரே. சேதி வந்துச்சுங்களா?”

ராய்ஸ் என்னைப் பார்த்தான். பொய் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். வரவில்லை. நடந்ததைச் சொன்னேன், விறகு இறக்கிய மத்தியானம் என்பது உட்பட.

அவன் கத்துவான் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் தேவலை.

“என்ன சொல்ல வந்தாரு நெல்டா?”

“தெரியாது.”

“ஒரு வார்த்தைகூடவா சொல்லல?”

“சொல்ல வந்தாருடா. நான்தான் கேக்கல.”

தட்டை மேஜையில் வைத்தான், கோட்டை மாட்டிக்கொண்டான், வெளியே போனான். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வண்டி எமெட்டின் நிலத்துப் பக்கம் திரும்பியது. மணி ஒன்று ஆகியிருந்தது, மாட்டுக்கு அன்று இன்னும் தீனி போட்டிருக்கவில்லை.

அந்த வசந்தத்தில் கார்லீன் மாடுகளை விற்றாள். நிலம் இன்றும் வாஸிடம்தான் இருக்கிறது, குத்தகைப் பணம் ஏறிவிட்டது. ராய்ஸ் துப்பாக்கியைத் தொடுவதில்லை; கடையில் மாட்டுக்கறி வாங்கிச் சாப்பிடுகிறான், என் கடையில் அல்ல, டவுனில். பெட்ரோல் பங்கில் எதிரே பார்த்தால் தொப்பியைத் தொட்டு, “வணக்கம் அம்மா” என்கிறான், முன்பின் தெரியாத பெண்ணிடம் சொல்வதுபோல.